கந்தப்பளைப் பொண்ணு

அவளுக்கு ஒரு பேர் இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எடுக்கும்போது அந்தப் பேரைக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு நாள் முழுக்க யாரும் அதைச் சொல்ல மாட்டோம். வட்டவளையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதனால் எங்களுக்கு அவள் வட்டவளையா. நான் அவளைவிட மூத்தவள். என்னை அக்கா என்பாள்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து தெரியும். இப்போது சின்னச் சின்னதாகக் கதை எழுதுகிறேன். வாசித்தவர்கள், இந்த ஆளை எங்கே பார்த்தீங்க என்று கேட்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான் வருகிறது.

எங்களுக்கு ஓட்டு இல்லையென்று ஆன பிறகு அவள் வந்தாள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், கப்பல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்புவதற்கு முன்பே இதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், அட்டனுக்குப் பக்கம்.

நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவள் பேச மாட்டாள். தண்ணி பிடிக்கும் பீலியில் அத்தனை பேர் சண்டை போடுவோம். அவள் குடத்தை வைத்துவிட்டு நிற்பாள். யார் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் புருஷன் ஒரு நாள் என்னிடம் வந்து, "அக்கா, மலையிலயாவது அது வாயத் தொறக்குதா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மலையில் அவள் வாய் மூடியது கிடையாது.

தேயிலைக் கொழுந்து எடுக்கையில் ஆளுக்கு ஒரு செடி வரிசை, நிரை என்போம். அவள் நிரைக்கு அடுத்த நிரை என்னுடையது. அந்தப் பக்கம் பாக்கியம். வெயில் ஏறி, கம்பளியை அவிழ்த்துக் கூடைமேல் போட்ட பிறகு தொடங்குவாள். ராசா கதை, பேய்க் கதை எதுவும் அவளிடம் இல்லை. ஒரு ஆளைச் சொல்வாள். அவ்வளவுதான்.

"ராகலையில ஒரு ஆளு இருக்காருக்கா. மழையில கொடை பிடிச்சிக்கிட்டு வருவாரு. வீடு கண்ணுக்குத் தெரிஞ்சதும் கொடைய மடக்கிடுவாரு. மிச்சத் தூரம் நனைஞ்சிக்கிட்டே வருவாரு."

"ஏன்டி?" என்றாள் பாக்கியம்.

"தெரியல. இன்னும் பாக்கணும்."

இதுதான் அவள். தானே உண்டாக்கிய ஆளைப் பற்றி, தெரியல, இன்னும் பார்க்கணும் என்பாள். முதல் தடவை கேட்டபோது கிறுக்கு என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன். ஏன் மடக்குகிறார் என்று நாலு நாள் நாங்கள் அடித்துக்கொண்டோம். குடை தேய்ந்து போகும் என்று நினைக்கிற கஞ்சன் என்றாள் பாக்கியம். குடையைக் கண்டால் கடன்காரன் அடையாளம் கண்டுவிடுவான் என்றேன் நான். பின்னால் நின்று கேட்ட கங்காணி, "அவனுக்குக் கிறுக்கு. நீங்க கொழுந்த எடுங்க" என்றார். ஆனால் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மறு வாரம் அவளாகவே சொன்னாள். "நேத்துத்தான் தெரிஞ்சிச்சி. சம்சாரம் இருந்தப்ப, அவரு நனைஞ்சி வந்தா துண்டெடுத்துத் தலையத் தொவட்டி விடும். இப்ப அது இல்ல. இவரு பழக்கத்துல மடக்கிடுறாரு."

கங்காணி அடுத்த நிரைக்குப் போய், யாரோ ஒருத்தியைக் காரணமில்லாமல் ஏசினார்.

பிறகு அந்த ஆளுக்குக் காய்ச்சல் என்றாள். நனைந்தால் வராதா? வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பாக்கியம் தேங்காய் உடைத்தாள். யாருக்கடி நேர்த்திக்கடன் என்று கேட்டேன். "அந்தக் கொடைக்காரருக்குத்தான். பாவம், யாரு இருக்கா அவருக்கு?" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அவளுக்கு ஒரு பழக்கம். திடீரென்று ஏதாவது கேட்பாள். "அக்கா, ஒங்களுக்குக் கோவம் வந்தா மொதல்ல எதத் தொடுவீங்க?"

"எதையும் தொடமாட்டேன். போடி."

அன்று சாயந்திரம் தராசில் என் கொழுந்தைக் குறைத்துப் போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்தால் என் கை கொண்டை முடிச்சில் இருக்கிறது. இறுக்கிக் கட்டுகிறேன். தலையைத் திருப்பினேன். அவள் வரிசையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. என் வீட்டுப் பெட்டியை ஒருத்தி திறந்து பார்த்துவிட்டு மூடியது போல.

அவள் பிள்ளை பெற்று வீட்டில் இருந்த நாட்களில் நிரை செத்துக் கிடந்தது. நான் சொல்கிறேன் என்று தொடங்கினேன். பதுளையில் ஒரு பெரியவர். ரொம்ப நல்லவர். இல்லாதவர்களுக்குக் கொடுப்பார். கோபமே வராது. காலையில் எழுந்து சாமி கும்பிடுவார்.

"அப்பறம்?" என்றாள் பாக்கியம்.

"அப்பறமும் நல்லவருதான்."

"அவருக்கு வேற வேலயே இல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் திரும்பி வந்ததும் பாக்கியம் முதல் வேலையாக இதைத்தான் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. என் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தாள்.

"அக்கா, அவரு யாருகிட்ட பொய் சொல்லுவாரு?"

அன்றைக்கெல்லாம் அதுவே மண்டைக்குள் ஓடியது. வீட்டுக்குப் போய் மாவு பிசையும்போது பதில் வந்தது. அவர் மகளிடம் பொய் சொல்வார். சாப்பிட்டேன் என்று சொல்வார். உடனே அந்தப் பெரியவருக்கு ஒரு வீடு வந்தது, ஒரு மகள் வந்தாள், காலியாக ஒரு சட்டி வந்தது. நான் மாவுக் கையோடு உட்கார்ந்துவிட்டேன். இன்றுவரைக்கும் ஒரு ஆளை எழுதத் தொடங்கினால் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

இனி கந்தப்பளைப் பொண்ணு.

கந்தப்பளையை வட்டவளையா பார்த்ததே இல்லை. ரயிலில் நானுஓயாவில் இறங்கி, நுவரெலியாவுக்கு ஏறி, அங்கிருந்து இன்னும் ஒரு பஸ். அங்கே தேயிலையோடு மரக்கறித் தோட்டமும் உண்டு, குளிர் எலும்பைத் தொடும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அவ்வளவுதான் தெரியும்.

"ஆத்தா இல்லாத பொண்ணுக்கா. அப்பன் குடிச்சிட்டுக் கெடக்கும். கீழ நண்டும் சிண்டுமா தம்பி தங்கச்சிங்க. ரொட்டி சுட்டா எல்லாத்துக்கும் குடுத்துட்டுக் கருகினத இது எடுத்துக்கும். கருகினதுதான் எனக்குப் புடிக்கும்னு சொல்லும்."

"பாவம்" என்றேன்.

"சீனிய மட்டும் ஒரு டின்னுல ஒளிச்சி வச்சிருக்கு. புள்ளைங்க கேட்டா முடிஞ்சிருச்சின்னு சொல்லிடும். லயத்துக்குப் பின்னால போய், தனியா நின்னு, வெரல்ல தொட்டு நக்கிட்டு வரும்."

அந்தச் சீனியில்தான் நாங்கள் விழுந்தோம். கருகின ரொட்டி தின்கிற பொண்ணு எல்லாக் கதையிலும் இருக்கும். சீனியை ஒளிக்கிறவள் எங்களில் ஒருத்தி.

அந்தப் பொண்ணுக்குக் கோபம் வரும். தராசில் கை வைத்த கணக்கப்பிள்ளையின் காலடியில் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். கடைசித் தம்பி அவள் முடியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அவன் பிடியைத் தளர்த்த முடியாமல், விடியும்வரை ஒரே பக்கமாகப் படுத்திருப்பாள். ஒரு மழைக்காலம் முழுக்க அவளோடு இருந்தோம். காலையில் மலை ஏறும்போதே பாக்கியம் கேட்பாள், "என்னாடி, கந்தப்பளையா எந்திரிச்சிருச்சா?"

அந்தச் சமயத்தில்தான் கீழ்க் கணக்கிலிருந்து, தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து, சிலரை எங்கள் மலைக்கு மாற்றினார்கள். முத்தையா அம்மா வந்தது அப்படி. புருஷன் இல்லாதவர். ஒரே மகன் முத்தையா. கொழுந்தைக் காய வைக்கிற தேயிலை ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடுகிறவன். சின்னதில் கொதிதண்ணி கொட்டி, இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் சுருங்கிப் போயிருக்கும். நல்ல பையன். பெண் வீட்டுக்காரர்கள் வருவார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போவார்கள். அந்த அம்மா மகனை வலது பக்கம் காட்டி நிற்க வைத்துப் பார்த்தார். தலைப்பாகைத் துணியை இறக்கிக் கட்டச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

வந்த நாளிலிருந்து வாய் பேசாமல் கந்தப்பளைப் பொண்ணைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். கதை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதற்குள் எங்களுக்கும் அது கதை இல்லாமல் ஆகியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை முத்தையா அம்மா நேரம் கழித்து மலைக்கு வந்தார். கூடையை இறக்கி வைத்தார். நேரே வட்டவளையாவின் முன்னால் போய் நின்றார்.

"எங்கடி அவ?"

"யாரு அத்தே?"

"கந்தப்பளையா. நேத்து நானும் எந்தம்பியும் போனோம்டி, பொண்ணு கேட்டு. வெத்தல பாக்கு, பழம் எல்லாம் வாங்கிக்கிட்டு."

பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னா அத்தே, கதைக்கா பொண்ணு கேட்டுப் போனீங்க?"

"கதையா?"

அந்த அம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாக்கியம் சிரிப்பை விழுங்கினாள்.

போகப் போவதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. மூச்சு விட்டால் காரியம் கலைந்து போகும் என்று பயம். கலைந்து கலைந்து பழகியவர். விடியற்கால ரயிலில் போயிருக்கிறார்கள். கந்தப்பளையில் மழை. லயம் லயமாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஆத்தா இல்லாத பொண்ணு, தம்பி தங்கச்சியை வளர்க்கிற பொண்ணு, கணக்கப்பிள்ளை காலடியில் கூடையைக் கவிழ்த்த பொண்ணு என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு லயத்தில், "அந்தக் கடேசிக் காம்பரா வீட்டுல பாருங்க" என்றார்களாம். அங்கே இருந்தவளுக்கு ஆத்தா இருந்தது. அடுத்த லயத்தில், "இங்க ஆத்தா இல்லாதது எத்தன வேணும்?" என்று கேட்டார்களாம். வெற்றிலை நனைந்து, பழம் கறுத்து, சாயந்திர ரயிலில் திரும்பியிருக்கிறார்கள்.

வட்டவளையாவின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தே, அப்பிடி ஒருத்தி இல்ல. நாந்தான் சொன்னேன். எம் மண்டையில இருந்து."

முத்தையா அம்மா தேயிலைக்கு நடுவில் அப்படியே குந்திவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. தலையில் கை வைத்தார். அழுதார். பிறகு அது ஒப்பாரியாக மாறியது. என் வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவளே, வாசல் மிதிக்காமப் போனியே என்று ராகம் இழுத்தார். எங்களில் வயதானவர்கள் இரண்டு பேர் பழக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்தார்கள்.

கங்காணி மேட்டிலிருந்து ஓடி வந்தார். "யாரு செத்தது? எந்த லயத்துல?"

"யாரும் சாகலிங்க" என்றேன்.

"அப்ப இது என்னா ஒப்பாரி?"

கங்காணி எங்களைப் பார்த்தார், வட்டவளையாவைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது போல. தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போனார்.

அழுகை ஓய்ந்தது. முத்தையா அம்மா மூக்கைச் சேலையில் துடைத்தார். நிமிர்ந்து வட்டவளையாவைப் பார்த்துக் கேட்டார்.

"சரி. இல்லாதவளாவே இருக்கட்டும். நீ சொல்லு. அவ இருந்தா, எம்மவனக் கட்டுவாளா?"

அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டோம். ஒரு வார்த்தைதான். கட்டுவா அத்தே என்று சொன்னால் அந்த அம்மா எழுந்து கூடையைத் தூக்கிக்கொள்வார். இல்லாத பொண்ணுக்காகச் சொல்கிற ஒரு வார்த்தை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். பாக்கியம் அவளைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினாள், சொல்லித் தொலையேன்டி என்று.

அவள் சொல்லவில்லை. யோசித்தாள். ஒரு செடியின் கொழுந்தை முழுக்க எடுத்து முடித்தாள். கூடைக்குள் போட்டாள். அந்தப் பொண்ணு இருக்கும் வீட்டுக்குள் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறவள் போல இருந்தது அவள் கண்.

"கட்டமாட்டா அத்தே."

பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மொகத்தப் பாத்தா?" முத்தையா அம்மாவின் குரல் உடைந்தது.

"இல்ல அத்தே. மொகம் அவளுக்கு ஒண்ணுமில்ல. விறகு போடுற கை, உழைக்கிற கைன்னு பாப்பா. மனசுக்குப் புடிக்கும். ஆனா ராவுல அந்தச் சின்னவன் முடியப் புடிக்கத் தேடுவான்ல? அவன விட்டுட்டு வரமாட்டா. நீங்க எத்தன தரம் போனாலும் வரமாட்டா."

முத்தையா அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அதானே. அந்தப் பயல விட்டுட்டு எப்பிடி வருவா? வந்தா அவ என்னா பொண்ணு?"

எழுந்தார். சேலையை உதறினார். கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார். பொய் சொல்லியிருந்தால் அந்த அம்மா இப்படி எழுந்திருப்பாரா? எனக்குத் தெரியாது. ஒரு சொல்லுக்கு, அதுவும் இல்லாத ஒருத்தியைப் பற்றிய சொல்லுக்கு, அவள் இவ்வளவு நேர்மையாக இருந்தாள்.

எல்லாரும் மறுபடி கொழுந்து எடுக்கத் தொடங்கினோம். பிறகு வட்டவளையா கேட்டாள்.

"அத்தே, அங்க யார் யாரப் பாத்தீங்க?"

"பாத்தேன், யார் யாரையோ. எவளும் அவ இல்ல."

"சொல்லுங்களேன்."

"என்னாத்தச் சொல்ல? ஒரு எடத்துல ஒரு பொண்ணு டெக்கிச் சட்டி கழுவிக்கிட்டு இருந்திச்சி. ஆத்தா அப்பன் ரெண்டும் இருக்கு. நீங்க தேடுறவ இங்க இல்ல, ஆனா இப்பிடி நனைஞ்சிருக்கீங்களேன்னு சொல்லி உள்ள கூப்புட்டுத் தேத்தண்ணி குடுத்திச்சி. எந்தம்பி ஈரக் காலோட பாய மிதிச்சிட்டான். அதுக்கு ஏசு ஏசுன்னு ஏசிட்டு, அப்பறம் அவனுக்கே ரெண்டாவது கோப்ப ஊத்துது."

பாக்கியம் சிரித்தாள். வட்டவளையா சிரிக்கவில்லை. "அப்பறம்?"

"யாருக்குப் பொண்ணு பாக்குறீங்கன்னு கேட்டிச்சி. எவளோ ஒருத்திதானேன்னு நானும் உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன். எம்மவனுக்குத்தாம்மா, சின்னதுல மூஞ்சி வெந்து போச்சி, இப்ப ஸ்டோருல அடுப்புக்கிட்ட நிக்கிறான்னு. வேற எங்கயும் நான் அப்பிடிச் சொன்னதில்ல, மறச்சித்தான் சொல்லுவேன். அது கோப்பயக் கழுவிக்கிட்டே கேட்டிச்சி, அடுப்புக்கிட்ட நிக்கிறப்ப அவருக்கு அந்த எடம் எரியுமான்னு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"தெரியலம்மான்னேன். பெத்தவ, நானே அத அவங்கிட்டக் கேட்டதில்லயேடி."

வட்டவளையா நிமிர்ந்தாள். பறித்த கொழுந்து கையிலேயே இருந்தது. அவள் சொல்லும் ஆட்களைப் பற்றிக் கேட்டு நாங்கள் எப்படி நின்றோமோ, அப்படி அவள் நின்றாள்.

"அத்தே," என்றாள். "இந்த மாதிரி ஒண்ணு எனக்கு வரவே வராது."

"என்னாது வராது?"

"எரியுமான்னு கேட்டிச்சில்ல, அது. எத்தன நாள் யோசிச்சாலும் எம் மண்டையில இருந்து வராது." குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க இன்னொரு தரம் போங்க அத்தே. இவளப் பாத்த பெறகுமா வேற ஒருத்தி கெடைக்கலன்னு திரும்பி வந்தீங்க?"

முத்தையா அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

அன்று சாயந்திரம் மகனிடம் கேட்டாராம். மழை நாளில்தான் இழுத்துப் பிடிக்கும், அடுப்புக்கிட்ட நின்றால் சுகமாக இருக்கும் என்றானாம். மறுநாள் எங்களிடம் சொன்னார். அதை அந்தப் பொண்ணிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தவித்தார். அந்த வாரம் வட்டவளையா கதை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ராகலைக் குடைக்காரர் அவர் பாட்டுக்கு இருந்தார். எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோன வெற்றிலை கந்தப்பளையிலேயே தங்கிவிட்டது.

தை மாதம் பொண்ணு வந்தது. குட்டையான பொண்ணு. குரல் கட்டை. அட்டன் ரோட்டிலிருந்து பாதையில் ஏறி வரும்போதே, பெட்டியைத் தூக்கி வந்தவனைச் சேற்றில் இழுக்காதே என்று ஏசிக்கொண்டே வந்தது. முத்தையா இடது கன்னம் எங்களுக்குத் தெரிய, அதன் பக்கத்தில் நடந்து வந்தான். தலையில் துணி கட்டவில்லை.

லயத்து வாசலில் வேடிக்கை பார்க்க நாங்கள் எல்லாரும் குந்தியிருந்தோம். மூத்தவர்கள், இளையவர்கள் எல்லாரும். வட்டவளையா மட்டும் பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, பெரியவர்களைக் கண்டது போல எழுந்து நின்றாள்.